தட்டைத் தனியே எடுத்து வைத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருப்பது வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் முதலில் பிரிவது தட்டும் டம்ளரும். அப்புறம் பாய். பிறகு பெற்ற பிள்ளையையே "நீ தொடாதே" என்று மாமியார் வாங்கிக்கொள்வார். பெரும்பாலும் கணவர் மூலம் வந்த தொற்றாகத்தான் இருக்கும். ஆனாலும் கர்ப்பகாலப் பரிசோதனையில் அவளுக்குத்தானே முதலில் தெரிகிறது, பழியும் அவள் தலையில்தான்.

இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017. 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது.

அதில் தாய்மார்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 29-ஆவது பிரிவு. எச்.ஐ.வி. உள்ள பெண்ணைக் குடியிருக்கும் வீட்டிலிருந்தோ வீட்டின் ஒரு பகுதியிலிருந்தோ விலக்கிவைக்கக் கூடாது. வீட்டு வசதிகளை மற்றவர்களைப் போலவே அவரும் பயன்படுத்தலாம். அடுப்படி, கழிப்பறை, தண்ணீர்க் குடம் எல்லாம்தான். வீட்டுப் பட்டா மாமனார் பேரில் இருந்தாலும் இந்த உரிமை உண்டு. வீடு அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாகிவிடாது. வெளியே தள்ள முடியாது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வெளியே பேசுவது 3-ஆவது பிரிவு. வேலை, பள்ளி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றோடு கிணறு, குளம், படித்துறை, சுடுகாடு வரை எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. கிணற்றையும் படித்துறையையும் பெயர் சொல்லி எழுதியவர்கள் ஊர் நடப்பு தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். பிரசவ வலியோடு வந்தவரைத் தொற்றைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால் அதுவும் இந்தப் பிரிவில் வரும்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு உண்டு. விவரம் சொல்லி அவர் சம்மதம் பெறாமல் கருக்கலைப்போ கருத்தடை அறுவையோ செய்யக் கூடாது. "உனக்கெதற்குப் பிள்ளை" என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து தொற்று பெறலாம். எச்.ஐ.வி. கிருமி பெருகாமல் தடுக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தாய் தவறாமல் சாப்பிட்டு, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே போய்விடும். அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் மாத்திரை இலவசம்.

மாத்திரை கிடைப்பதைவிட அதை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் பலருக்குப் பாடு. டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சு அடைத்துக்கொள்கிறார்கள். ரகசியம் காக்கும் பொறுப்பைச் சட்டம் மற்றவர்கள் மேலும் வைத்திருக்கிறது. நர்ஸோ ஆலோசகரோ நம்பிக்கையின் பேரில் அறிந்ததை, அந்தப் பெண்ணின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொதுவாக வெளியே சொல்லக் கூடாது. கணவருக்குத் தெரிவித்தால் அடியோ கைவிடலோ நேரும் என்று அஞ்சக் காரணமிருந்தால் அவருக்கும் சொல்லக் கூடாது.

சரி, மீறினால் எங்கே போவது? பாகுபாடு, மருத்துவ மறுப்பு போன்றவற்றுக்கு மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். 30 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். மருத்துவ அவசரமென்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மதிக்காதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 5,000 வரை.

வீட்டுச் சண்டைக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போவதே நல்லது. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், வக்கீல் இலவசம். தொலைபேசி எண் 15100.

புகார் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. வழக்கு நீதிமன்றம் போனால், பெயரை மறைத்து மூடிய அறையில் விசாரிக்கும்படி மனுப் போடலாம். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1097, கட்டணமில்லா எச்.ஐ.வி. உதவி எண். நேரில் என்றால் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம். உள்ளூரில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்றால் பக்கத்து ஊர் மையத்துக்குப் போங்கள்.