தழும்பு இருப்பது உள்தோலில்

மும்பையில், தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், ஸ்டவ் வெடித்தோ கொதிக்கும் எண்ணெய் கொட்டியோ தீக்காயம் பட்டவர்களுக்குப் புண் ஆறியபின்தான் அடுத்த பாடு ஆரம்பிக்கிறது. கழுத்துத் தழும்பு மாதாமாதம் இறுகி, முகவாயை மார்போடு இழுத்துவிடும். "லேபில் வளர்த்த தோலை ஒட்டினால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்கள். லேபில் எளிதாக வளர்வது மேல்தோல். தழும்பு இருப்பதோ உள்தோலில். சிக்கலே இதுதான்.

மேல்தோல் செல்களை வளர்க்கும் வழியை அமெரிக்க ஆய்வாளர்கள் ரைன்வால்டும் கிரீனும் 1975-இல் வெளியிட்டார்கள். காயம்படாத இடத்தில் தபால்தலை அளவு தோலை எடுத்து, டிரிப்சின் நொதியால் செல்களைப் பிரித்து, கதிர்வீச்சால் பெருகாமல் நிறுத்திய எலிச் செல்களின் மேல் வளர்ப்பார்கள். மூன்று நான்கு வாரத்தில் பெரிய பரப்பை மூடும் அளவுக்குக் கிடைக்கும். ஆனால் பாலாடை மாதிரி, சில செல் அடுக்குக் கனம்தான். வளர்த்த தட்டிலிருந்து பிரித்ததும் சுருங்கிவிடும் என்பதால் வாசலின் வலைத்துணியில் பொருத்தித்தான் எடுக்க வேண்டும்.

இதை மட்டும் ஒட்டினால் லேசாக உரசினாலே கொப்புளம் வரும். மேல்தோலை அடியிலுள்ள திசுவோடு பிணைக்கும் இழைகள் முழுதாக உருவாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அடியில் நல்ல உள்தோல் இல்லையென்றால் இடம் மறுபடி இறுகும்.

அதனால் முதலில் உள்தோலுக்கு வழி செய்கிறார்கள். தழும்பு முதிர ஏறக்குறைய ஓராண்டு காத்திருப்பது வழக்கம். கண்ணிமை மூட முடியாமல் போனால் காத்திருக்கக் கூடாது. இறுகிய பட்டையைக் குறுக்கே வெட்டியதும் கழுத்து நிமிரும், வெட்டுவாய் அகலத் திறக்கும். விரல் அகலத் தழும்பு இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு புண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இழந்த தோலின் உண்மையான அளவு அதுதான். அங்கே மாட்டுக் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன, மேலே சிலிகான் படலம் போர்த்திய, பஞ்சு போன்ற சட்டகத்தை வைப்பார்கள். சுமார் மூன்று வாரத்தில் அதற்குள் ரத்தக்குழாய்கள் வளர்ந்ததும், படலத்தை உரித்துவிட்டு நோயாளியின் மெல்லிய தோலையோ வளர்த்த மேல்தோலையோ ஒட்டுவார்கள். அடியில் ரத்தம் கட்டினாலும், சீழ் பிடித்தாலும், ஒட்டு நகர்ந்தாலும் பிடிக்காது. பிறகு மாதக்கணக்கில், கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளிண்ட்டும், தழும்பை அழுத்தி வைக்கும் இறுக்கமான உடையும் தேவை. பலர் பாதியில் விடுவது இந்தக் கட்டத்தில்தான், அது பெரிய இழப்பு.

மும்பை சயான் மருத்துவமனையில் 2000 முதல் இயங்கும் தோல் வங்கியில் கிடைக்கும், இறந்தவர்களிடமிருந்து பெற்ற தானத் தோல் பழைய தழும்புக்கு ஆகாது. பிறர் தோலை உடல் சில வாரங்களில் ஒதுக்கிவிடும். புதுக் காயத்தைத் தற்காலிகமாக மூடத்தான் அது.

ஒன்றைக் கட்டாயம் முன்பே சொல்லிவிட வேண்டும்: வளர்த்த மேல்தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது. முதுகு முழுக்க ஒட்டியவருக்கு மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் உடம்பு சீக்கிரம் சூடேறும். ஈரத் துணியும் மின்விசிறியும் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.