றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளையைக் கூப்பிடாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்ட நேரம், தரம் 3 படிக்கும் ஒரு பிள்ளையை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தொடை எலும்பு முறிவு. பஸ்ஸால் இறங்கி, நின்ற பஸ்ஸுக்கு முன்னால் ஓடியிருக்கிறாள். பஸ்ஸை முந்திவந்த மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டது. எதிர்ப்பக்கம் நின்று "ஓடி வாங்கோ" என்று கை காட்டியது தாய்தான். அந்தத் தாய் வார்ட் வாசலில் அழுததைப் பார்த்த பிறகு அவரிடம் ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இந்தத் தவணையில் இதே மாதிரி வந்த நாலாவது பிள்ளை இவள், அதனால் மற்றவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

ஒவ்வொரு முறையும் நான் கேட்கும் வசனம் ஒன்றுதான்: "பிள்ளைக்கு றோட்டில போகத் தெரியும் டொக்டர், தினமும் போறவள்தானே." இல்லை, தெரியாது. வழி தெரியும், அவ்வளவுதான். எந்த ஒழுங்கையால் திரும்பவேண்டும், எந்தச் சந்தியில் இறங்கவேண்டும் என்பது தெரியும். வருகிற வாகனம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று மதிப்பிட 8 வயதுப் பிள்ளையால் சரிவர முடியாது. இது கெட்டித்தனத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, வகுப்பில் முதலாம் பிள்ளைக்கும் இதேதான். அந்தக் கணிப்பு வயதோடுதான் வரும், 9, 10 வயதிலும் முழுதாக வந்துவிடாது. ஏ9 வீதி ஏறக்குறைய 7 மீற்றர் அகலம் என்று வையுங்கள், புத்தகப்பையோடு நடக்கிற சின்னக் கால்களுக்கு அதைக் கடக்க 7 விநாடி எடுக்கும். மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் வாகனம் அந்த 7 விநாடியில் 130 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். பிள்ளை பார்க்கும்போது அது தூரத்தில் நின்ற ஒரு சின்னப் பொட்டு. கடந்துவிடலாம் என்றுதான் பிள்ளை நினைக்கும். வேக எல்லையைக் கடைப்பிடிக்காத மணல் ரிப்பர் லொறிகளைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

"கவனமாப் போ" என்று படலையில் நின்று சொல்வது பழக்குவது ஆகாது. கவனம் என்றால் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைக்கு யார் காட்டினார்கள்? போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று வன்னியில் பாலர் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்: கிட்டப் போகாதே, தொடாதே, பெரியாட்களிடம் சொல்லு. படம் காட்டி, நடித்துக் காட்டி, திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக்கினோம். அந்த அக்கறையில் பாதி இந்த றோட்டுக்கு இல்லை. அப்போது குன்றும் குழியுமாகக் கிடந்தவை இப்போது காப்பெற் றோட்டுகள், வாகனங்களின் வேகமும் அதற்கேற்ற மாதிரிக் கூடிவிட்டது.

தண்டவாளமும் அப்படித்தான். 1990இல் நின்ற ரயில் 2013இல்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போர்க்காலப் பங்கர் கட்டப் போய்விட்டன. அந்த 23 வருடத்தில் வளர்ந்தவர்கள்தான் இன்றைக்குத் தாய் தகப்பன். எங்களுக்கே பழக்கமில்லாத ஒன்றைப் பிள்ளை தானாகப் பழகும் என்று எப்படி நம்புவது? காவலில்லாத கடவையில் சைக்கிளால் இறங்கி, நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, உருட்டிக்கொண்டு போகப் பழக்குங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பிள்ளையைக் கூட்டிவரப் போனால் பஸ் நிற்கிற பக்கத்திலேயே போய் நில்லுங்கள். பஸ் போகும் வரை பிள்ளையை அசைய விடாதீர்கள், பிறகு கையைப் பிடித்துக் கடவுங்கள். நடந்து போகிற பிள்ளை வலப்பக்கமாகப் போகட்டும், அப்போதுதான் எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும். இடப்பக்கம் சைக்கிளுக்கு. ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளையை முன்னால் நடக்கவிட்டு, நீங்கள் பின்னால் பள்ளிக்கூடம் வரை நடந்து பாருங்கள். எங்கே நிற்கிறது, எங்கே பாராமல் ஓடுகிறது என்று நீங்களே காண்பீர்கள். ஒரு தரம் போதாது, வாரக்கணக்காகச் செய்யவேண்டும்.

தகப்பன்மாரிடமும் ஒரு கேள்வி. பொலிஸ் மறிக்கும் என்று உங்கள் தலையில் ஹெல்மெற், முன்னால் ராங்கில் இருக்கிற பிள்ளையின் தலையில் ஏன் ஒன்றும் இல்லை? சைக்கிள் கரியரில் ஏற்றினால் கால் வைக்க இடமும் சில்லுக் கம்பிக்கு மறைப்பும் போடுங்கள். கம்பிக்குள் போன குதிக்காலின் தோல் ஆற எத்தனை கிழமை எடுக்கும் என்பது மருந்து கட்டுகிற எங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், தயவுசெய்து ஒன்று. அடிபட்ட பிள்ளையைத் தூக்கி மடித்து ஓட்டோவுக்குள் திணித்துக்கொண்டு ஓடிவராதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள். 1990 எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அதுவரை ஒருவர் முன்னால் நின்று வாகனங்களை மறியுங்கள், இன்னொருவர் பிள்ளையின் தலையும் கழுத்தும் ஆடாமல் பிடித்தபடி பக்கத்தில் இருங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை நன்றாகக் கதைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சத்தியும் நித்திரைத் தூக்கமும் சில மணித்தியாலம் கழித்தும் வரலாம்.