மின்காரா, பெட்ரோல் காரா? செலவை லிட்டரில் எண்ணிப் பாருங்கள்

கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். விற்பனையாளர் ஒரு தொகை சொல்வார். பெட்ரோல் செலவில் கால்வாசிகூட வராது அது. பலருக்கும் கணக்கு அதோடு முடிந்துவிடுகிறது. எட்டு வருடம் வைத்திருக்கப் போகிற வண்டிக்கு எரிபொருள் ஒரு பங்குதான். வாங்கும் விலையில் உள்ள வித்தியாசம், கடன் வட்டி, காப்பீடு, டயர், வீட்டில் சார்ஜர் பொருத்தும் வேலை, கடைசியில் விற்கும்போது கைக்கு வருவது என்று மீதியையும் எழுதிப் பார்த்தால்தான் படம் தெளியும். மின்கார் யாருக்கு லாபம் என்பதை இரண்டு விஷயங்கள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன: வருடத்துக்கு எத்தனை கி.மீ. ஓட்டுகிறீர்கள், சார்ஜ் எங்கே போடுகிறீர்கள்.

பெட்ரோல் விலையும் மின்கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் எல்லாச் செலவையும் பெட்ரோல் லிட்டரில் எழுதுங்கள். எந்தத் தொகையானாலும் இன்றைய ஒரு லிட்டர் விலையால் வகுத்தால் போதும். இரண்டு வண்டிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

முதலில் ஓட்டும் செலவு. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார் 100 கி.மீ.க்கு 6.67 லிட்டர் குடிக்கும். அதே அளவுள்ள மின்கார் 100 கி.மீ.க்கு 16 யூனிட் (கிலோவாட்-மணி) எடுத்ததாக டேஷ்போர்டு காட்டும். அந்த 16 பேட்டரியிலிருந்து வெளியே போனது. நீங்கள் பணம் கட்டுவது சுவரில் உள்ள மீட்டர் காட்டுவதற்கு. சார்ஜ் ஏறும்போது 10 முதல் 15% வரை வெப்பமாகவும் வண்டியின் உள்மின்னணுவுக்கும் போய்விடும். 12% இழப்பு என்று வைத்தால் மீட்டரில் 18.2 யூனிட் ஓடியிருக்கும். 18.2-ஐ 6.67-ஆல் வகுத்தால் 2.73. ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையைப் போல 2.73 மடங்குக்கு மேல் இருந்தால், ஓட்டும் செலவில் மின்கார் மலிவு. உங்கள் வண்டிகளின் எண்களைப் போட்டு இந்த மடங்கை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

சார்ஜ் இழப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கூலண்ட் பம்பும் விழித்திருக்கும். அவை 200 முதல் 300 வாட் வரை இழுக்கும். 10 ஆம்பியர் சாக்கெட்டில் 2.3 கிலோவாட் வேகத்தில் போட்டால் இதற்கே பத்தில் ஒரு பங்கு போய்விடும். 7.4 கிலோவாட் சார்ஜரில் அதே வாட் மிகச் சிறிய பங்கு. மெதுவாகப் போட்டால் மிச்சம் என்ற எண்ணம் இங்கே தலைகீழ்.

யூனிட் விலையை எடுப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. மாத பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரியைப் போடுகிறார்கள். படிப்படியாகக் கட்டணம் ஏறும் முறை இருந்தால், காருக்குப் போகும் யூனிட்டுகள் எல்லாம் வீட்டுப் பயன்பாட்டுக்கு மேலே வந்து உட்காரும். மேல்படியின் விலையைத்தான் எடுக்க வேண்டும். இரவு நேரத்துக்குக் குறைந்த கட்டணம் இருந்தால், அந்த நேரத்தில் மட்டும் சார்ஜ் ஏறும்படி வண்டியில் நேரம் குறித்து வையுங்கள். கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் மின்சாரம் இலவசம் என்று பூஜ்யம் போடுகிறார்கள். அதே யூனிட்டை வெளியே விற்றால் கிடைத்திருக்கும் தொகைதான் அதன் உண்மையான விலை.

இனி வருடக் கணக்கு. 12,000 கி.மீ. ஓட்டினால் பெட்ரோல் கார் 800 லிட்டர், மின்கார் 2,184 யூனிட். ஒரு லிட்டர் விலைக்கு வீட்டில் 12 யூனிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்காரின் செலவு 182 லிட்டருக்குச் சமம். வருடத்துக்கு 618 லிட்டர் மிச்சம். அதே ஆள் பொது அதிவேக சார்ஜரையே நம்பியிருக்கிறார், அங்கே ஒரு லிட்டர் விலைக்கு 5 யூனிட்தான் என்றால், செலவு 437 லிட்டர், மிச்சம் 363. இரண்டு வண்டிகளுக்கும் வாங்கும் விலையில் 5,000 லிட்டர் வித்தியாசம் என்றால், வீட்டில் சார்ஜ் போடுபவருக்கு அது எட்டு வருடத்தில் ஈடாகும். பொது சார்ஜரை நம்புபவருக்குப் பதினான்கு வருடம் ஆகும். வருடத்துக்கு 24,000 கி.மீ. ஓடும் வண்டியானால் வீட்டுச் சார்ஜில் நான்கே வருடம். வண்டி அதேதான், வாழ்க்கைமுறைதான் வேறு. வாகனம் நிறுத்த சொந்த இடமும் அங்கே ஒரு மின் இணைப்பும் இல்லாதவர், மாதம் 500 கி.மீ.கூட ஓட்டாதவர் இருவரும் செலவைக் குறைப்பதற்காக மட்டும் மின்கார் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

வட்டியை மறந்துவிடாதீர்கள். அந்த 5,000 லிட்டர் வித்தியாசத்தை 9% வட்டிக்கடனில் எடுத்தால், முதல் வருட வட்டியே ஏறக்குறைய 450 லிட்டர். மிச்சமாக வந்த 618-இல் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

மைலேஜ் எண்ணை விளம்பரத் தாளிலிருந்து எடுக்க வேண்டாம். பெட்ரோல் காருக்குப் பழைய முறையே போதும்: ஒரே பம்பில், குழாய் முதல்முறை தானாக நிற்கும்வரை நிரப்புங்கள், ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி அதே அளவு நிரப்புங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இந்த எண் கொஞ்சம் இறங்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20% கலந்தால் லிட்டருக்கு 6 முதல் 7% ஆற்றல் குறையும்.

இரண்டு வண்டிகளும் நேர்மாறான இடங்களில் நன்றாக ஓடுபவை. நெரிசலில் பெட்ரோல் கார் நின்றபடியே ஏசியோடு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எரிக்கும். மின்கார் நிற்கும்போது மோட்டார் எதுவும் எடுக்காது, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பவும் கிடைக்கும். ஆனால் ஏசி இரண்டிலும் கணக்கில் வரும்: சராசரி வேகம் 20 கி.மீ. இருக்கும் நெரிசலில் ஏசி 1.5 கிலோவாட் இழுத்தால், 100 கி.மீ.க்கு 7.5 யூனிட் கூடுதல். 80 கி.மீ. வேகத்தில் அதே ஏசிக்கு 2 யூனிட்கூட ஆகாது. நெடுஞ்சாலையில் நிலைமை மாறும். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 80-இலிருந்து 110-க்குப் போனால் தடை ஏறக்குறைய இரட்டிப்பு. மின்காரின் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) கண்முன்னே இறங்குவதற்குக் காரணம் அதுதான், பேட்டரி பழுது அல்ல. கடுங்குளிரிலும் ரேஞ்ச் குறையும். பெட்ரோல் என்ஜினின் வீணாகும் சூடே உள்ளே இருப்பவர்களுக்குப் போதும். மின்காருக்கு அந்தச் சூட்டையும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள் குறைந்த மின்சாரத்தில் சூடு தரும் ஹீட் பம்ப் உள்ள மாடலா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பராமரிப்பில் மின்கார் தெளிவாகவே முன்னால் நிற்கிறது. என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச், சைலன்சர், ஆக்ஸிஜன் சென்சார் எதுவுமே அதில் இல்லை. பெட்ரோல் காரைத் தினமும் மூன்று நான்கு கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்குச் செலவு இன்னும் கூடும். என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வண்டி நின்றுவிடுவதால், ஆயிலில் பெட்ரோலும் நீராவியும் கலந்து அது சீக்கிரம் கெடுகிறது. அப்படிப்பட்டவர்கள் கி.மீ. கணக்கைப் பார்க்காமல் மாதக் கணக்கில் ஆயில் மாற்ற வேண்டும்.

அதற்காக மின்காருக்குச் சர்வீஸே வேண்டாம் என்று விட்டுவிடுபவர்கள் பிறகு பெரிய பில் கட்டுகிறார்கள். பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் அதிகம் தேய்வதில்லை. டிஸ்க்கில் துரு ஏறுகிறது, பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிபரின் ஸ்லைடு பின் இறுகிப் பேட் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. தேயாத பேட்டையே மாற்ற வேண்டிய நிலை வருவது இதனால்தான். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, பின்னுக்கு அதற்குரிய கிரீஸ் போடச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும்; தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில், பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மாற்ற வேண்டும். பேட்டரிக்கான கூலண்ட் சில மாடல்களில் மின்சாரம் கடத்தாத தனி வகை. குறைந்திருக்கிறதே என்று சாதாரண கூலண்டை ஊற்றினால் இன்சுலேஷன் கோளாறு காட்டி வண்டி நின்றுவிடக்கூடும்.

சிறிய 12 வோல்ட் பேட்டரி மின்காரிலும் உண்டு. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இது செத்துவிட்டால் கதவுகூடத் திறக்காமல் போகலாம், ஏனென்றால் பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சுகளை இழுப்பதே இந்தச் சிறியதுதான். நாலைந்து வருடம் ஆனதும் சோதித்து மாற்றிவிடுங்கள்.

டயரில் மின்கார் தோற்கும். ஒப்பிடத்தக்க பெட்ரோல் காரைவிட 200 முதல் 400 கிலோ வரை எடை கூடுதல், ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் முழு இழுவிசை. இரண்டும் சேர்ந்து டயரைச் சீக்கிரம் தின்றுவிடும். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். புதிது வாங்கும்போது அளவை மட்டும் பார்த்தால் போதாது, பக்கவாட்டில் உள்ள சுமை எண் பழையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். காப்பீடும் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். அடிப்பகுதி கல்லில் இடித்து பேட்டரிப் பெட்டி நசுங்கினால், பழுது பார்ப்பதைவிட முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வது வழக்கம். பாலிசியில் பேட்டரி, சார்ஜர், தண்ணீர் புகுந்த சேதம் மூன்றும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

வீட்டில் சார்ஜர் பொருத்தும் செலவையும் முதல் வருடக் கணக்கிலேயே சேருங்கள். 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரைப் பல மணி நேரம் விடாமல் இழுக்கும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், குறைந்தது 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி (தூரம் அதிகமானால் இன்னும் தடிமன்), தனி பிரேக்கர், கசிவு மின்சாரத்தைப் பிடிக்கும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் எல்லாம் தேவை. சார்ஜரிலேயே நேர்மின் கசிவைக் கண்டறியும் அமைப்பு இல்லையென்றால், சாதாரண ஆர்சிசிபி அதைக் கவனிக்காது. பி வகை கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் பலகையில் மட்டும் ஒருபோதும் போட வேண்டாம். தளர்ந்த முனையில் 10 ஆம்பியர் எட்டு மணி நேரம் ஓடினால் பிளாஸ்டிக் உருகி, தீ வரை போகும்.

எல்லோரும் பயப்படுவது பெரிய பேட்டரிக்கு. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வரை, கொள்ளளவு 70%-க்குக் கீழே போனால் மட்டும் பொறுப்பேற்கிறார்கள். 72%-இல் நின்றால் உங்கள் பாடு. கொள்ளளவு முதல் ஓரிரு வருடத்தில் சற்று வேகமாகவும் பிறகு நிதானமாகவும் இறங்கும். வேகமாக இறக்குவது சூடும் நிறைந்த சார்ஜும் சேர்வது: 100% ஏற்றி, வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பது. என்எம்சி (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) வகை பேட்டரியை அன்றாடம் 80%-இல் நிறுத்துங்கள். எல்எஃப்பி (லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்) வகையை வாரம் ஒருமுறை 100% வரை ஏற்றும்படி பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அதன் மின்னழுத்தம் நடுவில் ஏறக்குறைய தட்டையாக இருப்பதால், முழுதாக நிரம்பினால்தான் மீதிச் சார்ஜ் எவ்வளவு என்பதை வண்டியால் சரியாக அளக்க முடியும். உத்தரவாதம் முடிந்தபின் பயப்பட வேண்டியது பேட்டரிக்கு மட்டுமல்ல. வண்டிக்குள் இருக்கும் சார்ஜர், மின்னழுத்தத்தைக் குறைத்து 12 வோல்ட்டுக்குத் தரும் கன்வெர்ட்டர், பேட்டரியையும் சேர்த்துக் குளிர்விக்கும் ஏசி கம்ப்ரஸர் ஆகியவையும் விலை கூடியவை. இவற்றுக்கு உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

இத்தனைக்கும் மேல் பெரிய செலவு ஒன்று யார் கண்ணிலும் படுவதில்லை: மதிப்பிழப்பு. வாங்கிய விலையிலிருந்து விற்கும் விலையைக் கழித்தால் வருவது, பல வீடுகளில் எட்டு வருட எரிபொருளைவிட அதிகம். புதிய மின்காரின் விலை குறைக்கப்பட்டாலோ, அடுத்த மாடல் கூடுதல் ரேஞ்சோடு வந்தாலோ, பழையதன் விலை உடனே சரியும். மறுவிற்பனை விலையை மின்காருக்குக் கொஞ்சம் குறைத்தே போட்டுக் கணக்குப் பாருங்கள். அப்படியும் மின்கார் முன்னால் வந்தால் தயங்காமல் வாங்கலாம்.

இந்தச் சரிவே பழைய மின்கார் வாங்குபவருக்கு வாய்ப்பு. மூன்று வருடம் ஓடிய வண்டியில் மதிப்பிழப்பின் பெரும்பங்கை முதல் உரிமையாளர் ஏற்றுவிட்டிருப்பார். ஆனால் பேட்டரியை அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பயன்படும் கொள்ளளவு 40 யூனிட் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் 10%-க்கு இறங்கியதும், யூனிட் காட்டும் சார்ஜரில் 100% வரை ஏற்றுங்கள். மீட்டர் 35 யூனிட் காட்டுகிறது. 12% இழப்பைக் கழித்தால் 30.8. இது 90%-க்கான அளவு என்பதால் முழுக் கொள்ளளவு 34.2 யூனிட், அதாவது புதிதில் இருந்ததில் ஏறக்குறைய 85%. இழப்பு ஓரிரு சதவீதம் முன்பின் இருந்தாலும் 85-க்கும் 72-க்கும் உள்ள வித்தியாசம் தப்பாமல் தெரியும். சர்வீஸ் மையத்தில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுத்து இதோடு ஒப்பிடுங்கள். உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா, அதற்குச் சர்வீஸ் பதிவுகள் தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். ஒரு இரவு சார்ஜ் போட்டுப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அடுத்த வண்டியைப் பாருங்கள்.