வெங்காயமும் ஒரு பழைய பாட்டும்

ஆடி மாதம். தெருமுனை மாரியம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி விடியற்காலையிலிருந்தே பாட்டு. அம்மன் பாட்டெல்லாம் ஒரு சுற்று முடிந்து, சவுண்டு சர்வீஸ்காரர் தன் விருப்பத்துக்குப் பழைய சினிமாப் பாட்டுகளைப் போட ஆரம்பித்திருந்தார். அதில் ஒரு துள்ளல் பாட்டு வந்தது. கதாநாயகன் கதாநாயகியைச் சீண்டிப் பாடுவது. அழுவதற்கு அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்த சித்தியின் கை நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கியது. நான் பார்ப்பதைக் கவனித்ததும் முந்தானையால் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றார்.

அவர் முன்னால் இருந்தது கத்தரிக்காய். வெங்காயத்தை நறுக்கி ஓரமாக வைத்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

சித்தியின் சாக்கில் ஓர் அறிவியல் இருக்கிறது. வெங்காயத்தை நறுக்கும்போது அதன் செல்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனியாக இருந்த நொதிகளும் கந்தகச் சேர்மங்களும் கலந்து ஒரு வாயு கிளம்புகிறது. அது கண்ணின் மேற்பரப்பை உறுத்த, முகத்தின் உணர்வு நரம்பு மூளைத்தண்டுக்குச் செய்தி சொல்ல, அங்கிருந்து கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு போகிறது. கண்ணைக் கழுவிவிடும் ஏற்பாடு, அவ்வளவுதான். மனத்துக்கு இதில் வேலையே இல்லை. உணர்ச்சியால் வரும் கண்ணீர் தொடங்கும் இடம் வேறு. மூளையின் ஆழத்தில் உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகளில் கிளம்பி, ஹைப்போதலாமஸ் என்ற சிறு மூளைப்பகுதி வழியாக அதே மூளைத்தண்டுக்கு இறங்கி, அதே சுரப்பியைத் திறக்கிறது. குழாய் ஒன்று, திறக்கிற கை இரண்டு. வெங்காயத்தின் மேல் பழியைப் போட முடிவதும் இதனால்தான்.

ஒரு பாட்டு எப்படி அந்தக் குழாயைத் திறக்கிறது? சோகப் பாட்டு என்றால் அழுகை வரும் என்பது எல்லோரும் சொல்லும் பதில். ஓயாமல் புலம்புகிறவரை 'முகாரி பாடாதே' என்று அடக்குகிறோம். ஒரு ராகத்தின் தலையிலேயே அழுகையைக் கட்டிவிட்டவர்கள் நாம். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்திலேயே தமிழ்ப் பேச்சையும் அமெரிக்க ஆங்கிலப் பேச்சையும் வைத்து அளந்தார்கள். உற்சாகமான இசையில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குத் தாவும் தூரம் பெரிதாக இருந்தது. சோர்ந்த, துயரமான இசையில் சிறிதாக இருந்தது. இரண்டு மொழிப் பேச்சிலும் இதே கணக்குதான். துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. அங்கே யாருடைய குரலும் தாவுவதில்லை. தரையோடு தரையாக நகர்கிறது. சோக இசை அந்தக் குரலைப்போல நடக்கிறது.

இங்கிலாந்து உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா இன்னும் நுணுக்கமாக ஒன்றைக் கேட்டார். 1991-இல் வெளியான அவருடைய ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 83 பேர். எந்த இசை உங்களை அழவைக்கிறது என்பதோடு விடாமல், அந்த இசையின் எந்த இடம் என்று துருவினார். கண்ணீர் வரும் இடங்கள் பலவற்றில் ஒரு பொது அம்சம் தென்பட்டது. வந்து சேரவேண்டிய ஸ்வரத்துக்கு ஒரு படி தள்ளி ஒரு ஸ்வரம் வந்து நிற்கும். காதுக்குச் சற்றே உறுத்தும். பிறகு மெல்ல இறங்கி, வரவேண்டிய இடத்தில் அமரும். அந்தச் சிறு தவிப்பும் உடனே கிடைக்கும் ஆறுதலும் கண்ணைக் கலங்கவைக்கின்றன. மயிர்க்கூச்செறிவு வேறு ரகம். உடன் ஒலிக்கும் ஸ்வரக்கூட்டம் எதிர்பாராமல் மாறும் இடங்களில் அது வந்தது. இதே கேள்வியை நாதஸ்வரக் கச்சேரி கேட்கிறவர்களிடம் ஒருவர் கேட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆனால் சித்தியின் பாட்டில் இப்படி எந்த வேலைப்பாடும் இல்லை. நான் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். சோக ராகம் இல்லை, இழுத்து நிற்கும் ஸ்வரம் இல்லை. தவிலும் தாளமுமாக ஓடுகிறது. ஆகவே அழுகை பாட்டுக்கு வெளியே இருந்துதான் வந்திருக்கவேண்டும்.

அந்த 'வெளியே' மூளையில் எங்கே இருக்கிறது என்று தேடியவர் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா. 13 மாணவர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் 8 முதல் 18 வயதுவரை இருந்த காலத்து ஹிட் பாடல்களின் துண்டுகளைப் போட்டுக் காட்டினார். ஆய்வு 2009-இல் வெளியானது. தன் வாழ்க்கையோடு ஒட்டிய பாட்டு வந்தபோது நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரு பாதிகளும் முகம் பார்க்கும் உட்புறத்தில் ஒரு பகுதி சுறுசுறுப்படைந்தது. நினைவு எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு சுறுசுறுப்பு. பாட்டின் ஸ்வரப் போக்கையும் அதே பகுதி கூடவே பின்தொடர்ந்தது என்பதுதான் எனக்கு இந்த ஆய்வில் பிடித்த இடம். பாட்டு ஓட ஓட நினைவும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அல்சைமர் நோயில் மூளை சுருங்கும்போது இந்தப் பகுதி மற்றப் பகுதிகளைவிடத் தாமதமாகத்தான் பாதிக்கப்படுகிறது. பெற்ற பிள்ளையின் பெயர் மறந்தவர்கள் பழைய பாட்டுக்கு வாயசைப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் ஜனாட்டா.

புகைப்படம் ஒரே பார்வையில் முழுதாகத் தெரிந்துவிடும். பாட்டு அப்படியல்ல. மூன்று நான்கு நிமிடம், வரிக்கு வரி, எடுத்துக்கொள்ளும். அடுத்து வருவதை நாம் முன்கூட்டியே அறிந்து காத்திருப்போம். எனவே நினைவும் வரிசையாக, அதனதன் இடத்தில் திறக்கிறது.

எந்த வயதில் கேட்ட பாட்டு என்பதும் முக்கியம். வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் மனிதர்கள் 10 முதல் 30 வயதுவரை நடந்ததைத்தான் அதிகம் சொல்கிறார்கள் என்பது உளவியலில் பழைய செய்தி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹன்சல் 2013-இல் இதில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். சுமார் 20 வயது மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான ஹிட் பாடல்களைப் போட்டுக் காட்டியபோது, தங்கள் காலத்துப் பாட்டுகளோடு 1980-களின் தொடக்கப் பாட்டுகளுக்கும் அவர்களிடம் நினைவும் ஒட்டுதலும் இருந்தன. அவை அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகள். பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் அவைதான் ஒலித்திருக்கும். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு வந்த அந்தத் துள்ளல் பாட்டு என் தொண்டையையும் லேசாக அடைத்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை மடிக்கும்போது சித்தி சொன்னார். தாத்தா அவரைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவாராம். வழியில் ரயில்வே மேம்பாலம். பாலம் வரைக்கும் தாத்தா இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே மிதிப்பார். ஏற்றம் தொடங்கும்போது மூச்சு வாங்கும். சரணத்தின் இரண்டாவது வரியில் பாட்டு அறுந்துவிடும். இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். உச்சிக்குப் போய் ஏறி உட்கார்ந்து, இறக்கத்தில் விட்ட இடத்திலிருந்து பாடுவார்.

"ஸ்பீக்கரில் அந்த வரி நிற்கவே இல்லை பார்" என்றார்.

ஸ்லோபோடா தேடிய ஸ்வரம் இங்கே இப்படி இருக்கிறது. இசையமைப்பாளர் வைக்காத இடைவெளி ஒன்று சித்தியின் காதில் மட்டும் இருக்கிறது. அவர் மூளை அந்த இடத்தில் நிறுத்தத்துக்குக் காத்திருந்தது. பாட்டு நிற்காமல் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது.

ஒரே பாட்டு பல நிகழ்வுகளோடு ஒட்டிக்கொண்டால், அதில் எந்த ஒன்றையும் கூர்மையாக மீட்டுத்தர முடிவதில்லை என்பதும் நினைவாற்றல் ஆய்வுகளில் நன்கு தெரிந்த விஷயம். தினமும் கேட்கும் பாட்டில் பல நாட்கள் கலந்து கிடக்கின்றன. இருபது ஆண்டு கேட்காத பாட்டு திடீரென்று எங்கிருந்தோ வரும்போது அதில் ஒரே ஒரு காலைதான் இருக்கிறது.

இதெல்லாம் அன்றைக்கு எனக்கு நினைவு வரவில்லை. உதவி செய்கிற எண்ணத்தில், "அந்தப் பாட்டை உங்கள் போனில் ஏற்றித் தரட்டுமா சித்தி?" என்று கேட்டேன்.

"எதற்கு? அடுத்த ஆடிக்குப் போடுவார்கள், கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.