டோரண்டில் வந்த ஃபைல் பத்திரமானதுதானா?

டோரண்டில் ஒரு ஃபைலை இறக்கும்போது, முகம் தெரியாத பல பேருடைய கம்ப்யூட்டர்களிலிருந்து அது துண்டு துண்டாக வந்து சேர்கிறது. அவர்களில் ஒருவர் நடுவில் எதையாவது கலந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் பலருக்கும் முதலில் வரும். உண்மையில் இந்த ஏற்பாட்டிலேயே பத்திரமான இடம் அதுதான்.

பிராம் கோஹன் 2001-ல் டோரண்டுக்கு அடிப்படையான பிட்டோரண்ட் முறையை உருவாக்கும்போதே அதற்கு வழி செய்துவிட்டார். ஃபைலைச் சம அளவுத் துண்டுகளாக, ஒவ்வொன்றும் 256 கிலோபைட் அல்லது ஒரு மெகாபைட் என்று நறுக்கி, ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஷா-1 என்ற கணக்கின்படி 20 பைட் நீளத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எடுத்து, அதை டோரண்ட் ஃபைலுக்குள் (இறக்கத் தொடங்குவதற்கு முன் நீங்கள் திறக்கும் சின்னக் குறிப்பு ஃபைல்) வரிசையாக எழுதிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் ஹேஷ். உங்களிடம் ஒரு துண்டு வந்ததும் புரோகிராம் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் ஹேஷ் பொருந்தாது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேட்டு வாங்கும். (ஆனால் ஒரே ஹேஷ் வரும் இரண்டு வேறு ஃபைல்களை உருவாக்கி ஷா-1-ஐ 2017-ல் உடைத்துக் காட்டிவிட்டார்கள். பிட்டோரண்டின் இரண்டாம் பதிப்பு ஷா-256-ஐப் பயன்படுத்துகிறது.)

சரி, அப்புறம் ஆபத்து எங்கே இருக்கிறது? முதலில் போட்டவர் எதைப் போட்டாரோ அது அப்படியே வந்திருக்கிறது என்பதை மட்டும்தான் ஹேஷ் சொல்லும். அவர் போட்டதே வைரஸ் என்றால், வைரஸும் ஒரு பிட் குறையாமல் வந்து சேரும். 'படம்.எம்பி4.இஎக்ஸ்இ' என்று ஒரு ஃபைல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது வீடியோ இல்லை, புரோகிராம். விண்டோஸ் வழக்கமாகக் கடைசி எக்ஸ்டென்ஷனை, அதாவது புள்ளிக்குப் பின்னால் ஃபைலின் வகையைச் சொல்லும் பகுதியை, மறைத்துவிடும் என்பதால் உங்கள் கண்ணுக்கு 'படம்.எம்பி4' மட்டும்தான் தெரியும், ஐகானும் வீடியோ மாதிரியே இருக்கும். ஆகவே எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி முதலில் செட்டிங்கை மாற்றுங்கள். முழு நீளப் படம் மூன்று மெகாபைட்தான் என்றால் அதைத் திறக்கவே வேண்டாம்.

டோரண்டை இறக்கும் புரோகிராமையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற டோரண்ட் புரோகிராமின் 2.90 பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே மேக்கில் இறக்கியவர்களில் சிலருக்குக் கேரேஞ்சர் என்ற ரான்சம்வேரும் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) கூடவே வந்தது. மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு அதன் பிறகுதான் ஃபைல்களைப் பூட்டத் தொடங்கியது. 2018-ல் டிரான்ஸ்மிஷனிலும் மியூடோரண்ட் என்ற இன்னொரு டோரண்ட் புரோகிராமிலும் ஓட்டைகள் வெளிவந்தன. பிரவுசரில் ஒரு கெட்ட பக்கத்தைத் திறந்தாலே போதும், அது உள்ளே ஓடும் டோரண்ட் புரோகிராமுக்குக் கட்டளை கொடுக்க முடிந்தது. அப்டேட்டில் சரிசெய்துவிட்டார்கள், அதனால் பழைய பதிப்பை வைத்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

மூன்றாவது விஷயம், நீங்கள் மறைவாக இல்லை. புரோகிராமில் பியர்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் அதே ஃபைலைப் பகிரும் மற்றவர்களின் ஐபி முகவரிகள் (இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்கள்) வரிசையாகத் தெரியும், அதே மாதிரி அவர்கள் திரையில் உங்களுடையதும் தெரியும். காப்புரிமை உள்ள படத்தைப் பகிர்பவர்களை இந்தப் பட்டியலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களை டோரண்டில் இறக்குவதில் அந்தச் சிக்கல் கிடையாது, அவர்களே அதிகாரபூர்வமாகக் கொடுக்கிறார்கள்.

கஸா, லைம்வயர் போன்ற பழைய ஃபைல் பகிரும் புரோகிராம்களின் காலத்தில் பகிர்வதற்கு என்று ஒரு ஃபோல்டரைக் காட்டச் சொன்னால், தெரியாமல் சொந்த ஆவணங்கள் இருந்த ஃபோல்டரையே காட்டிவிட்டவர்கள் உண்டு. டோரண்டில் நீங்கள் சேர்த்த ஃபைல் மட்டும்தான் பகிரப்படும். ஆனால் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் பல புரோகிராம்கள் மூடுவதில்லை, கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஐகானில் ரைட் கிளிக் செய்து எக்ஸிட் கொடுங்கள்.