தொகுதி மானியம்: எந்தத் தொகுதிக்கு?

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்துக்கு லண்டன் தரும் ‘தொகுதி மானியம்’ போதவில்லை என்று புகார் என வாசித்தார்கள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பெரியப்பா கேட்டார்: “எந்தத் தொகுதிக்கு?” பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவர். தொகுதி என்று காதில் விழுந்தால் அவருக்கு வேறென்ன தோன்றும்? அவர்மேல் தப்பில்லை. இந்த மொழிபெயர்ப்பை நானும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் பொறுமை போனது.

மூலச்சொல் ‘பிளாக் கிராண்ட்’. பிளாக் என்றால் முதலில் மரக்கட்டை, பிறகு பிரிக்காத ஒரே துண்டு. கிராண்ட், நம்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். விஷயம் எளிது. வீட்டுச் செலவுக்கு மாதம் பிறந்ததும் ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, அரிசிக்கு எவ்வளவு, பாலுக்கு எவ்வளவு என்று கேட்காமல் இருப்பது ஒரு வகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எண்ணிக் கொடுப்பது இன்னொரு வகை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்றின் அரசுகளுக்கும் லண்டன் கருவூலம் தரும் பணத்தில் பெரும்பகுதி முதல் வகை. மருத்துவமனைக்கா பள்ளிக்கா என்பதை அங்கங்கே உள்ள அரசு முடிவுசெய்துகொள்ளும்.

‘தொகுதி’யின் குறை பெரியப்பாவின் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. ‘தொகுதி மேம்பாட்டு நிதி’ என்று எம்.எல்.ஏ.க்களுக்கு ஒன்று இருக்கும் ஊரில் ‘தொகுதி மானியம்’ வேறெப்படிக் கேட்கும்? அதைவிட எனக்கு உறுத்துவது பின்னால் நிற்கும் ‘மானியம்’.

மானியம், ‘மதிக்கத்தக்க’ என்று பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. மன்னர் மனமுவந்து வரியில்லாமல் விட்டுக்கொடுத்த நிலத்துக்கு அது பெயர். கல்வெட்டுகள் இறையிலி என்று சொல்வதற்கு உறவு. சட்டமன்றத்தில் இன்றும் ‘மானியக் கோரிக்கை’ உண்டு, அங்கே அது வெறும் கிராண்ட். ஆனால் தெருவில் மானியம் என்றால் சிலிண்டர் மானியம், உர மானியம். கட்டுப்படியாகாதவருக்கு அரசு கைகொடுப்பது. ஸ்காட்லாந்துச் செய்தியைப் படிப்பவர் இந்தப் பொருளில்தான் படிப்பார்.

அங்கேதான் கோளாறு. ஸ்காட்லாந்தை நாங்கள் தாங்குகிறோம், தலைக்கு எங்களைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்பது இங்கிலாந்தில் பலருடைய குறை. எங்கள் வரிப்பணமும் வட கடல் எண்ணெயும் லண்டனுக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது என்பது ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் பலருடைய வாதம். உதவியா, உரிமையா என்பதே வழக்கு. ‘மானியம்’ என்று எழுதுகிறவர் வழக்கு தொடங்கும் முன்பே ஒரு பக்கம் தீர்ப்பு எழுதிவிடுகிறார். 2017 ஏப்ரலிலிருந்து அங்கே சம்பளத்துக்கான வருமான வரியின் விகிதங்களை எடின்பரோவே வைக்கிறது. அதற்கு ஈடாக லண்டன் தரும் தொகையில் கழித்துக்கொள்கிறார்கள். சொந்த வரி வந்ததற்குக் கழிவு போடும் இந்தக் கணக்கு சிலிண்டர் மானியம் மாதிரியா இருக்கிறது?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘நல்கை’ என்று எழுதச் சொன்னார். பல்கலைக்கழக நல்கைக் குழு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே என்றார். இருக்கட்டும். வடசொல்லை விரட்டும் அவசரத்தில் பொருளையும் விரட்டக்கூடாது. நல்குதல் என்றால் அன்பு காட்டுதல், அருள் செய்தல். குறளில் ‘நசைஇயார் நல்கார் எனினும்’ என்று தலைவி ஏங்குகிறாளே, அந்த நல்குதல். கருவூலத்தின் கூட்டல் கழித்தலில் அருள் எங்கே வந்தது? மானியத்திலாவது மன்னர்தான் இருந்தார், நல்கையில் காதலரே வந்துவிடுகிறார். ‘கொடை’ என்றாலும் இதே கதி. தெற்கே அது அம்மன் கோயில் திருவிழா வேறு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்தால்தான் நான் சொல்வது புரியும். 1888-இலேயே பிரிட்டிஷ் நிதியமைச்சர் கோஷன் பணத்தைப் பங்கிட ஒரு விகிதம் வைத்தார்: இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து 80, ஸ்காட்லாந்துக்கு 11, அயர்லாந்துக்கு 9. 1970-களின் கடைசியில் கருவூலத்தில் அமைச்சராக இருந்த ஜோயல் பார்னெட் பெயரில் இப்போதைய சூத்திரம் வந்தது. இங்கிலாந்தில் மருத்துவத்துக்குப் புதிதாக 100 பவுண்டு கூட்டினால், ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை இங்கிலாந்தினுடையதில் பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு என்பதால், அங்கே 10 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். யாருக்கு எவ்வளவு தேவை என்று சூத்திரம் முதலில் கேட்கவே இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று பார்னெட்டே பின்னாளில் சொன்னார். வட அயர்லாந்தில் இங்கிலாந்தின் 100-க்கு 124 தேவை என்று ஒப்புக்கொண்டு திருத்தம் செய்தது 2024-இல்தான். அங்கே இரண்டு வருடம் முடங்கிக் கிடந்த அரசை எழுப்ப அறிவித்த 330 கோடி பவுண்டோடு சேர்ந்து வந்தது அது. அப்புறமும் அதன் தலைநகர் பெல்ஃபாஸ்டில் சண்டை ஓயவில்லை.

என் பரிந்துரை ‘மொத்தநிதி’. கடைத்தெரு சொல்தான். சில்லறையாக எண்ணித் தராமல் மொத்தமாகத் தருவது. தருகிறவர் வள்ளலா, வாங்குகிறவர் உரிமைக்காரரா என்பதில் அது வாயே திறக்காது. கூட்டுத்தொகை என்று புரிந்துகொள்ள மாட்டார்களா என்று நண்பர் கேட்டார். மொத்தக்கடை என்றால் எல்லாக் கடைகளையும் கூட்டிய தொகை என்று யாரும் நினைப்பதில்லையே? சேர்த்து எழுதினால் போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில வாக்கியத்தைப் படித்துவிட்டு அகராதியைத் திறக்கிறார்கள், விஷயத்தைத் திறப்பதில்லை. பார்னெட் சூத்திரத்தில் இங்கிலாந்துச் செலவைத் தொடர்ந்து மற்றவர்களுக்குக் கூடும் தொகைக்கு ‘கான்சிக்வென்ஷியல்’ என்று பெயர். ஹெச்எஸ்2 அதிவேக ரயில் பாதை வேல்ஸுக்குள் ஒரு மைல்கூட ஓடாது. ஆனாலும் அதை ‘இங்கிலாந்து - வேல்ஸ் திட்டம்’ என்று வகைப்படுத்தியதால் ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் கிடைத்த அந்தத் தொகை வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை. வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் கட்சி வித்தியாசம் இல்லாமல் இதைக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். இந்தச் செய்தியைத் தமிழில் நான் படித்தபோது இருந்த வரி: ‘ரயில் திட்டத்தால் வேல்ஸுக்கு எந்தப் பின்விளைவும் இல்லை.’ நல்லவேளை, தப்பித்தார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ‘தொடர்நிதி கிடைக்கவில்லை’ என்று எழுதியிருக்கலாம்.