ஐரோப்பாவின் கார்பன் கட்டணம்: அலுமினியத்தில் எந்தப் புகை கணக்கில் வரும்?

2026 ஜனவரி 1 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் அலுமினியத்துக்குக் கார்பன் கட்டணம் உண்டு. இதற்கு 'கார்பன் எல்லைச் சரிக்கட்டல் முறை' என்று பெயர், ஆங்கிலச் சுருக்கம் 'சிபாம்' (CBAM). கட்டணத்தைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர்தான். ஆனால் ஆலையில் எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்ற கணக்கை, இங்கிருந்து ஏற்றுமதி செய்யும் நாம்தான் கொடுக்கவேண்டும். சரிபார்த்த கணக்கு இல்லையென்றால், ஐரோப்பிய ஆணையம் நிர்ணயித்த மதிப்பைப் போட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றிவிடுவார்கள். இங்காட் (வார்த்த கட்டி) மட்டுமல்ல, கம்பி, தகடு, குழாய், ஃபாயில் எல்லாம் இதில் அடக்கம். சிபாமில் அடங்கும் பொருள்களை ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்குள் வாங்கும் இறக்குமதியாளருக்கு விலக்கு உண்டு. ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவசமாகத் தரும் கார்பன் அனுமதியை முதல் ஆண்டில் 2.5 சதவீதம்தான் குறைக்கிறார்கள்; அதற்கேற்ப இந்தச் சுமையும் படிப்படியாக ஏறி, 2034இல் முழுதாக வந்துவிடும்.

வேடிக்கை இனிமேல்தான். அலுமினாவிலிருந்து (தாதுவைச் சுத்திகரித்துக் கிடைக்கும் வெண்பொடி) ஒரு டன் அலுமினியம் பிரித்தெடுக்க ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அது நிலக்கரி மின்சாரமென்றால் 10 டன்னுக்கு மேல் கரியமில வாயு. இப்போதைய விதியில் அது கணக்கிலேயே வராது! ஆலைக்குள் நேரடியாக வெளியாவது மட்டும்தான் வரும். உருக்குத் தொட்டியில் மின்சாரத்தைச் செலுத்தும் கார்பன் ஆனோடு (நேர்மின்வாய்) அலுமினாவின் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து கரைகிறது. டன்னுக்குச் சுமார் 1.5 டன் வாயு. நீர்மின்சாரத்தில் ஓடும் கனடாவின் கியூபெக் ஆலையும், நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் ஒடிசா ஆலையும் இந்த இடத்தில் கிட்டத்தட்ட சமம்தான்.

ஆகவே பலருடைய கண்ணும் கரையாத ஆனோடு மேல். அல்கோவா, ரியோ டின்டோ என்ற அலுமினிய நிறுவனங்கள் 2018இல் கியூபெக்கில் தொடங்கிய எலிசிஸ் கூட்டு நிறுவனம் இதற்காகத்தான். அந்தத் தொட்டியில் வெளியாவது ஆக்சிஜன். ஒரு சிக்கல்: கார்பன் எரிந்து தரும் ஆற்றல் இல்லாமல் போவதால், கோட்பாட்டளவில் மின்தேவை கூடும். நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால் சிபாம் கணக்கு இறங்கும், காற்று சுத்தமாகாது.

கரையாத ஆனோடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொட்டியில் அலுமினா குறைந்தால் மின்னழுத்தம் எகிறி, கரியமில வாயுவைவிட 6,000 மடங்குக்கு மேல் வெப்பமூட்டும் ஃபுளூரோகார்பன் வாயு வெளியாகும். அலுமினாவை அளவாகப் போடும் தானியங்கி ஃபீடரும் சென்சாரும் இதைக் குறைக்கும். செலவும் ஒப்பீட்டில் குறைவு.

அப்புறம், பில்லட் (உருளை வடிவ வார்ப்புக் கட்டி) வாங்கி, எக்ஸ்ட்ரூஷன் (அச்சு வழியே அழுத்தி வடிவம் எடுப்பது) போடும் சிறு ஆலைக்கு: உங்கள் அடுப்புப் புகையைவிட, வாங்கிய பில்லட்டின் கணக்குதான் பெரிது. கொள்முதல் ஆர்டரிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்கிராப்பை உருக்கிய பில்லட் என்றால் கணக்கு வெகுவாக இறங்கும்.